கொண்டையில் வந்த மரு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. மூன்றாம் வகுப்போடு நின்றவள். எந்த ளகரம், எந்த லகரம் என்று வார்த்தைக்கு ஒரு தடவை யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசித்து முடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. முந்தி நடந்ததைப் பிந்தியும், பிந்தி நடந்ததை முந்தியும் எழுதியிருந்தால் வாசிக்கிறவர்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். கோபிக்க வேண்டாம்.

என் தம்பி மகன் சங்கரன் நம் பக்கத்து மாதப் பத்திரிகையில் அச்சுக் கோக்கிறான். "அத்தை, அக்கரையில இருக்கவங்க எல்லாரும் எழுதுதாங்க. எல்லாம் ஆம்பிளைங்க. கப்பல், மோட்டாரு, உத்தியோகம்னே எழுதுதாங்க. நீங்க வேற ஏதாவது எழுதுங்க" என்று காகிதம் போட்டான். மூன்று காகிதம் வந்தது. வெட்கத்தில் நான் மூன்றுக்கும் பதில் போடவில்லை.

அப்புறம் போன வாரம் எங்கள் வீட்டுக்காரர் கடையிலிருந்து சாப்பிட வந்தவர், இலையில் உட்கார்ந்தபடியே, "ஏளா, இந்த ஆடியோட நாம கண்டிக்கு வந்து பதினாலு வருசம். இன்னும் நீ சிங்களத்துல நாப்பது வார்த்தைக்கு மேல படிக்கல" என்றார்.

"நாப்பத்தொண்ணு" என்றேன்.

அவருக்குப் புரைக்கேறிவிட்டது. அவ்வளவு சிரிப்பு. அந்த நாற்பத்தோராவது வார்த்தையைப் போன மாதம்தான் படித்தேன். அதைப் படித்த கதையைத்தான் எழுதப் போகிறேன்.

2

எங்கள் வீடு கண்டிப் பட்டணத்தில், கடைத்தெருவுக்குப் பின்னால் மேடேறுகிற ஒரு சந்தில் இருக்கிறது. முன்னால் எங்கள் பலசரக்குக் கடை, நடுவில் வீடு, புறவாசலில் படிபடியாக வெட்டிய ஒரு மண் சரிவு. இரண்டு மாட்டு வண்டி நிறுத்தலாம், மூன்றாவது நிற்காது. அதுதான் என் தோட்டம். மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பாதியாக வெட்டியது, பிஸ்கோத்து டின், வாய் உடைந்த பானை, இவைதான் என் தொட்டிகள்.

நம் ஊர்ப் பச்சிலையெல்லாம் அங்கே வருமா என்று ஊரிலிருந்து எழுதிக் கேட்கிறார்கள். வரும். வேண்டாம் என்றாலும் வரும். நம் ஊரில் நாம் தண்ணீர் இறைத்தால்தான் செடிக்குத் தாகம் தீரும். இங்கே மழை நிற்க வேண்டுமே என்று செடிக்காக நாம் வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. துளசிக்கு வேர் அழுகிவிடும். வீட்டுக்காரருடைய ஓட்டைக் குடை ஒன்றை இரண்டு மழைக்காலம் துளசிக்குத்தான் பிடித்து வைத்தேன். கொத்தமல்லி விதையைக் கையால் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓட்டுத் தாழ்வாரத்துக்கு அடியில் போட்டால்தான் முளைக்கும். திறந்த வெளியில் போட்டால் மழை அடித்துக்கொண்டு போய் அடுத்த வீட்டில் முளைக்க வைக்கும்.

இங்கே வந்து நான் கற்றுக்கொண்டதும் உண்டு. ரம்பை என்று ஓர் இலை. தாழை மடல் மாதிரி நீளம், ஆனால் முள் கிடையாது. தாளிக்கும்போது கருவேப்பிலையோடு ஒரு துண்டு போட்டால் புதுநெல் அரிசி கொதிக்கிற வாசனை வரும். வல்லாரையை நாம் மருந்தென்று முகம் சுளித்துக்கொண்டு தின்போம். இங்கே பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, சம்பல் என்று தினமும் சோற்றோடு சாப்பிடுகிறார்கள். ஞாபகசக்திக்கு நல்லது என்கிறார்கள். பதினாலு வருஷமாகச் சாப்பிடுகிறேன். என் ஞாபகத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

இந்தத் தோட்டம் எனக்கு ஏன் பெரிது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு வாய் கிடையாது. ஊரிலேயே நாலு பேர் கூடினால் பின்னால் போய் நிற்கிறவள். பாஷை தெரியாத இடத்தில் கேட்க வேண்டுமா? வந்த புதிதில் ஆறு மாதம் வீட்டு ஆட்களைத் தவிர ஒருவரிடமும் பேசவில்லை. ஒரு நாள் மேல் வீட்டு டிங்கிரி மெனிக்கே வேலியோரம் வந்து நின்றாள். அவள் பிள்ளைக்கு இருமல். என் செடியைக் காட்டி, "கப்பரவள்ளியா" என்றாள். "கற்பூரவள்ளி" என்றேன். "கப்பரவள்ளியா!" "கற்பூரவள்ளி!" இரண்டு பேரும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இந்தத் தீவில் நான் சிரித்த முதல் சிரிப்பு அது.

அதற்குப் பிறகு வேலி ஓரம் ஒரு பேச்சுக் கடையாகிவிட்டது. ஆடாதோடைக்கு ஒருத்தி வருவாள். புதினாவுக்கு எதிர்வீட்டு உம்மா வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பன்விலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நம் ஜனங்கள் சாமான் வாங்க எங்கள் கடைக்கு இறங்கி வருவார்கள். பெண்கள் மட்டும் புறவாசலுக்கு வந்து, "ஆயா, மரு ஒரு கொழுந்து குடுங்க" என்பார்கள். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, அந்த மலையெல்லாம் திரும்ப ஏறுவார்கள். நான் கொடுக்கிறது ஒரு இலை. அவர்கள் கொடுக்கிறது ஒரு வாரத்துக்கான பேச்சு.

பாஷைத் தப்பு ஆரம்பத்திலேயே நடந்தது. ஒரு தடவை ரசத்துக்குக் கொத்தமல்லி இல்லை. நம் பக்கத்தில் மல்லி என்றுதானே சொல்வோம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மெனிக்கே, மல்லி டிகக் தென்ன" என்று வேலிக்கு அந்தப்புறம் குரல் கொடுத்தேன். மல்லி கொஞ்சம் கொடு என்று அர்த்தம், அதாவது நான் நினைத்த அர்த்தம். கொஞ்ச நேரத்தில் அவள் தம்பி, மீசை வைத்த பெரிய ஆள், கையில் கத்தியோடு வேலியைத் தாண்டி வந்து, எந்த மரத்தை வெட்ட வேண்டும் என்கிற மாதிரி நின்றான். நான் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திவிட்டேன். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பியாம். உன் தம்பியில் கொஞ்சம் கொடு என்று கேட்டிருக்கிறேன்.

3

இப்போது மரு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். இதைப் போன மாதம் வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

ஊரை விட்டுப் புறப்படும்போது ஓலைப்பெட்டி நிறையக் கன்றுகள் எடுத்துக்கொண்டேன். துளசி, கருவேப்பிலை, மரு, எல்லாம் தாய்மண்ணோடு. வீட்டுக்காரர், "ஏளா, கடை வைக்கப் போறமா, காடு வைக்கப் போறமா?" என்றார். தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினோம். துறையில் ஒரு உத்தியோகஸ்தர் பெட்டியைத் திறந்தார். வேரோடும் மண்ணோடும் எந்தச் செடியும் உள்ளே போகக் கூடாது, பூச்சி வந்துவிடும் என்று சட்டமாம். எல்லாவற்றையும் எடுத்து ஒரு பீப்பாயில் போட்டார். கருவேப்பிலைக் கன்று பீப்பாய்க்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. நான் அழுதேன். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அழுகிற வயதா?

ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தலையில் வாசனை வந்தது. புறப்பட்ட காலையில் மல்லிகையோடு நாலு கொழுந்து மரு சேர்த்துக் கட்டி என் கொண்டையில் சொருகி அனுப்பியிருந்தார்கள். துறையில் அந்த உத்தியோகஸ்தர் என் பெட்டியைத்தான் பார்த்தார், தலையைப் பார்க்கவில்லை.

மரு துண்டு வைத்தாலே வேர் விடுகிற செடி. அது எனக்குத் தெரியும். அதனால் நான் செய்தது என்னவென்றால், கூஜாவிலிருந்து உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து, யாரும் பார்க்காத சமயம் கொண்டையில் தெளித்துக்கொண்டே வந்தேன். கண்டி வருகிறவரைக்கும். வீட்டுக்காரர், "என்னளா தலை நனைஞ்சிருக்கு?" என்று கேட்டார். "வெக்கை" என்றேன். வெளியே மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

மல்லிகை கருகிப்போயிருந்தது. நாலு மருவில் மூன்று செத்தது. ஒன்று வேர் விட்டது. அந்த ஒன்றுதான் பெரிய தகரத்தில், வெயில் முதலில் விழுகிற இடத்தில் நிற்கிறது. துண்டு துண்டாக ஒடித்து நட்டதில் இப்போது ஏழு தகரம்.

மெனிக்கே அதற்கு மட்டும் பெயர் கேட்கவே இல்லை. முகர்ந்து பார்த்து "சுவந்த" என்று அவளே பெயர் வைத்துவிட்டாள். வாசனை என்று அர்த்தம். அவளிடம் பேசும்போது நானும் சுவந்த என்றே சொல்லிவிடுவேன். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

4

போன மாதம் பட்டணத்தில் காய்ச்சல் என்று சொல்லி, கொசு முட்டை வைக்கிற தண்ணீரைத் தேடி வீடு வீடாக வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு சிங்கள இன்ஸ்பெக்டர். நல்ல மனிதர்தான், இடையில் நான் கொஞ்சம் பயந்தேன் என்பது வேறு. வீட்டுக்காரர் சரக்கெடுக்கப் போயிருந்தார். மகன் ஆபீசில். நான் மட்டும் இருந்தேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூணோடு தூணாக நின்றேன். மேல் வீட்டு மெனிக்கே வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தகரங்களுக்கு அடியில் சிந்துகிற தண்ணீருக்காகச் சிரட்டை வைத்திருந்தேன். அவர் ஒரு குச்சியால் சிரட்டையைத் தட்டித் தட்டி, "வத்துர, வத்துர" என்றார். தண்ணீர். அது எனக்குத் தெரிந்த வார்த்தை. தலையாட்டினேன். அப்புறம் ஒவ்வொரு செடியாகக் குச்சியை நீட்டி, "மே மொக்கத?" என்று கேட்டார். இது என்ன என்று கேட்கிறார். அதுவும் தெரியும். துளசி என்றேன். வல்லாரை என்றேன். எனக்கே என் மேல் ஆச்சரியம், ஒரு உத்தியோகஸ்தருக்குப் பதில் சொல்கிறேனே என்று. தைரியம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

பெரிய தகரத்துக்கு வந்தார். "மே மொக்கத?"

"மரு" என்றேன்.

குச்சி அப்படியே நின்றது. வேலிக்கு மேலிருந்து மெனிக்கே, "மருவா?" என்றாள்.

அடடா, இவளுக்கும் பெயர் தெரிந்துவிட்டதே, மருவா என்று தமிழிலேயே கேட்கிறாளே என்று எனக்கு ஒரே சந்தோஷம். "ஆமா, ஆமா, மருதான்" என்று பலமாகத் தலையாட்டினேன்.

"ஐயோ புதுன்னே!" என்றாள் மெனிக்கே.

புத்த பகவானே என்று கூப்பிடுகிறாள். வாசனையை நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டரும் அறியட்டும் என்று ஒரு கொழுந்தைக் கிள்ளி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் பின்னால் குதித்து இஞ்சிப் பாத்தியில் விழுந்தார். பயப்படாதீர்கள் என்று காட்டுவதற்காக அந்தக் கொழுந்தை என் கொண்டையில் வைத்துக் காட்டினேன். பிறகு சந்து முழுக்கக் கையைச் சுற்றிக் காட்டி, என்னிடமிருந்த நாற்பது வார்த்தையில் இரண்டைச் செலவு செய்து, "ஒக்கொமட்ட தெனவா" என்றேன். எல்லாருக்கும் கொடுக்கிறேன் என்று அர்த்தம்.

அவர் எழுதினார், எழுதினார், ஒரு பக்கம் எழுதினார். போகும்போது என்னைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து போனார். மெனிக்கே தலை வேலியில் இல்லை.

வீட்டுக்காரர் வந்ததும் நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த செம்பை மெல்லக் கீழே வைத்தார்.

"நீ என்ன பேரு சொன்ன?"

"மருன்னேன். மெனிக்கேகூட மருவான்னு கேட்டா. ஆமான்னேன்."

"அடிப் பாவி! சிங்களத்துல மருன்னா சாவுளா! மருவான்னா எமன்!"

என் கை கொண்டையிலிருந்த கொழுந்துக்குப் போனது.

"எமனைத் தகரத்துல வச்சு வளக்கேன்னு ஆபீசர்ட்ட சொல்லியிருக்க. மோந்து பாருன்னு மூக்குல வேற நீட்டியிருக்க."

"எல்லாருக்கும் குடுக்கேன்னும் சொன்னேன்" என்றேன், மறைக்கக் கூடாதென்று.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்துவிட்டார். நாற்காலிக்கு இங்கே கதிரை என்று பெயர். அவர் சிரித்தார். நான் அழுதேன்.

மறுநாள் வேலிக்கு யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டருடைய ஆபீசிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடுதாசி வந்தது. மகன் வாசித்துச் சொன்னான். தண்ணீர் நிற்கிற சிரட்டைகளை உடனே எடுக்க வேண்டும். அது நியாயம். அடுத்தது, நச்சுச் செடி வளர்த்து அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்து வருவதாகத் தெரிகிறது. ஒருவருக்கும் இனி ஒரு இலையும் கொடுக்கக் கூடாது. ஏழு நாளைக்குள் அந்தச் செடிகளைப் பிடுங்கி, ஆபீஸ் ஆள் முன்னால் எரிக்க வேண்டும்.

எமன் என்றதற்குச் சிரித்த வீட்டுக்காரர் எரிக்க வேண்டும் என்றதற்குச் சிரிக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீசுக்கே போனார். சிங்களத்தில் விளக்கிச் சொன்னாராம். அங்கே இருந்தவர்களும் சிரித்தார்களாம். ஆனால் எழுத்தில் போனதை எழுத்தால்தான் மாற்ற முடியும், மனு கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஏழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பன்விலைப் பெண்கள் வருகிற நாள்.

5

மனு எழுத எங்கள் வீட்டிலேயே ஆள் உண்டு. மகன் சண்முகம். ஊரை விட்டு வரும்போது ஒன்பது வயது. இப்போது ஒரு ஆபீசில் கிளார்க். சிநேகிதர்களோடு ஆங்கிலம், விளையாட்டில் சிங்களம், என்னோடு மட்டும் தமிழ். அந்தத் தமிழும் வரவர, "ம்ம்", "போறேன்", "வாறேன்" என்று சுருங்கிவிட்டது. நான் கஷாயம் போட்டால் மூக்கைப் பிடித்துக்கொள்வான். தோட்டத்தை அவன் தோட்டம் என்று சொல்வதில்லை. "ஏம்மா, அந்தக் காட்டுக்குள்ள என்னதான் செய்யிறீங்க?" என்பான்.

குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளை. காலைத் தொட்டுக் கும்பிடுகிற பிள்ளை. ஆனால் சில சமயம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் அக்கரையில் இருப்பதுபோலவும், நான் இன்னும் கப்பலிலேயே இருப்பதுபோலவும் தோன்றும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்து, அழகான கையெழுத்தில் ஒரு பக்கம் மனு எழுதினான். ஆங்கிலத்தில் கணீரென்று வாசித்துக் காட்டினான். நான் தலையாட்டினேன். அவன் அப்பாவும் தலையாட்டினார். மறுநாள் காலையில் அவனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

சாயங்காலம் முகம் வாடி வந்தான். கூட வேலை பார்க்கிற ஒரு பெரியவரிடம் மனுவின் நகலைக் காட்டினானாம். அவர் தமிழர். அவருக்கு மூச்சு விட முடியாத சிரிப்பாம்.

"அம்மா, மருன்னா என்ன?"

"என்னடா கேக்க? தினம் என் தலையில இருக்கது எது?"

"அது மருவா? அப்பா கழுத்துல இருக்கே, அந்த மருவோட பேருதான் செடிக்கும்னு நினைச்சு, அதோட இங்கிலீஷ் வார்த்தையையே எழுதிட்டேன்."

அவன் அப்பா கழுத்தில், இடது பக்கம், மிளகு அளவு ஒரு மரு உண்டு. என் பிள்ளைக்குத் தெரிந்த மரு அது ஒன்றுதான். மனுவில் அவன் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"என் தாயார் வளர்ப்பது விஷம் அல்ல, உடம்பில் வரும் மருக்கள். அவற்றை அவர் தினமும் தலையில் சூடிக்கொள்கிறார். அக்கம்பக்கத்தாருக்கும் இலவசமாகக் கொடுத்து வருகிறார்."

வீட்டுக்காரர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டு, "இதை நீயா நட்ட?" என்று என்னைக் கேட்டார். அப்போதுதான் அந்த வாரத்தில் முதல் தடவையாக நானும் சிரித்தேன். ஆனால் படுத்த பிறகு யோசித்தேன். பிள்ளை பதினாலு வருஷமாக அந்த வாசனையில்தான் வளர்ந்திருக்கிறான். வாசனை தெரிகிறது, பெயர் தெரியவில்லை. அவன் கேட்கவில்லை என்று சொல்லலாம். நானும்தான் சொல்லவில்லை.

6

எமன் என்று ஒரு கடுதாசி, மரு என்று ஒரு கடுதாசி. இரண்டையும் வைத்துக்கொண்டு ஆபீசில் என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம், ஆறாவது நாள், அந்த இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். கூடவே பேராதனையில் இருக்கிற அரசாங்கச் செடித் தோட்டத்தில் செடிகளைப் பற்றித் தெரிந்த ஒரு பெரியவரையும் அழைத்து வந்திருந்தார். தங்கக் கண்ணாடி, வெள்ளைக் கோட்டு. யாழ்ப்பாணத்துக்காரர்.

வீட்டுக்காரர் முந்தின நாளே எனக்குப் பாடம் சொல்லி வைத்திருந்தார். "செடி எங்கேருந்து வந்ததுன்னு கேட்டா, இங்க சந்தையில வாங்கினதுன்னு சொல்லிரு. கப்பல்ல வந்ததுன்னு சொன்னா அது ஒரு தனிக் கேஸாயிரும்." கொண்டைச் சமாச்சாரத்தை அப்போதுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் பதினாலு வருஷத்துக்கு முந்தின வெக்கையை ஞாபகப்படுத்தி, "நல்லா இருந்துச்சுளா உன் வெக்கை" என்றார்.

பேராதனைக்காரர் புறவாசலுக்கு வந்தார். "அம்மா, பயப்பிடாதேங்கோ. எமனும் இருக்கிறாராம், மருவும் இருக்கிறதாம். ரெண்டு பேரையும் காட்டுங்கோ."

பெரிய தகரத்தைக் காட்டினேன். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இன்ஸ்பெக்டர் இரண்டடி தள்ளி நின்று அவர் விழுகிறாரா என்று பார்த்தார்.

"ஓம், மருதான். சோக்கான மரு" என்றார் பேராதனைக்காரர். இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லி அவரையும் முகரச் செய்தார். அந்த மனிதர் பயந்து பயந்து முகர்ந்தார். பிறகு பயப்படாமல் இன்னொரு தடவை முகர்ந்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பேராதனைக்காரர் ஒரு புத்தகத்தை எடுத்தார். "இந்தச் சாதி மரு நான் இஞ்ச காணேல்லை. இது எப்பிடி வந்தது? வேரோட கொண்டு வந்தனீங்களோ?"

கதவருகில் வீட்டுக்காரர் சந்தை, சந்தை என்று வாயைமட்டும் அசைத்தார். மகன் ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து அவருக்குப் பின்னால் நின்றான். சந்தை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பீப்பாய்க்கு வெளியே தலை நீட்டிய கருவேப்பிலைக் கன்று ஏனோ ஞாபகம் வந்தது.

"கொண்டையில வந்துச்சு" என்றேன்.

பேராதனைக்காரர் திருப்பிச் சொல்வதற்கு முன்னாலேயே இன்ஸ்பெக்டர், "கொண்டே?" என்றார். அவர் கை தன் பிடரிக்குப் போனது. சிங்களத்திலும் அது கொண்டேதானாம். அவருடைய அப்பாவே கொண்டை போட்டவராம். "கொண்டே!" என்று தன் பிடரியைத் தட்டினார். "கொண்டை" என்று நான் என்னுடையதைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் கொடியிலிருந்த காக்காய் பறந்துவிட்டது.

பேராதனைக்காரர் சொன்னார், "வேரும் மண்ணும்தான் சட்டத்தில இருக்கு. தலையில வைச்ச பூவுக்குச் சட்டம் இல்லை."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. "ஐயா, தண்ணி தெளிச்சுக்கிட்டே வந்தேன். இங்க நடணும்னுதான் தெளிச்சேன்" என்றேன்.

வீட்டுக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பேராதனைக்காரர் பேனாவை நிறுத்திக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ரயிலில தலை காய்ஞ்சிருக்கும்."

"இல்லைய்யா, பனி பெய்ஞ்சுது."

"காய்ஞ்சிருக்கும், அம்மா" என்று அழுத்திச் சொல்லிவிட்டு எழுதினார்.

பிறகு எல்லா இலையையும் புரட்டிப் பார்த்தார். பூச்சி இல்லை, நோய் இல்லை. எரிக்க வேண்டியதில்லை, யாருக்கும் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிரட்டைகளை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்றார். நானே அங்கேயே பதினாலு சிரட்டையைக் கல்லில் போட்டு உடைத்தேன். மீதி இரண்டை இன்ஸ்பெக்டர் உடைத்துக் கொடுத்தார்.

புறப்படும்போது பேராதனைக்காரர் நாலு கொழுந்து கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே நடப் போகிறாராம். "இதின்ர சொந்த ஊர் எது? புத்தகத்தில பதியோணும்" என்றார். மகனை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்.

சண்முகம் பேனாவோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அம்மா, எந்த ஊர்ச் செடி இது?" என்றான். சொன்னேன். எழுதினான். எழுதிவிட்டு எழுந்து போகவில்லை. "அது என்ன?" என்று அடுத்த தகரத்தைக் காட்டினான். யாரும் அவனை அதைக் கேட்கச் சொல்லவில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை விடிந்து தோட்டத்துக்குப் போனேன். வேலிக்கு மேலே மெனிக்கேயின் தலை தெரிந்தது. நடந்ததெல்லாம் இன்ஸ்பெக்டர் அவளிடம் சொல்லியிருப்பார் போல. வெட்கம் இரண்டு பேருக்கும். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மழையைப் பற்றி, மேகத்தைக் காட்டியே பேசினோம். அப்புறம் அவள் வேலிக்கு மேலே கையை நீட்டினாள்.

"அக்கே, மருவா டிகக் தென்ன" என்றாள்.

எமனில் கொஞ்சம் கொடு. நான் ஒரு காலத்தில் அவள் தம்பியில் கொஞ்சம் கேட்டேன் அல்லவா, அதற்குப் பதில். கைநிறையக் கிள்ளிக் கொடுத்தேன். பத்து மணிக்குப் பன்விலைப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கும் இருந்தது.

இப்போது ஒரு உதவி கேட்க வேண்டும். இதற்காகத்தான் சங்கரா, வெட்கத்தை விட்டு இவ்வளவும் எழுதினேன்.

மருவின் சொந்த ஊர் வடகரை, என் அம்மா வீட்டுக் கிணற்றடி என்று சொல்லி, அது அரசாங்கப் புத்தகத்தில் ஏறிவிட்டது. அன்று ராத்திரியே சந்தேகம் வந்துவிட்டது. அம்மா வீட்டு மரு ஓலைப்பெட்டியில் அல்லவா இருந்தது? அது பீப்பாயோடு போய்விட்டதே. புறப்படும் காலையில் என் தலையில் சொருகி விட்டது யார்? அம்மா கையா, நாத்தனார் பிச்சம்மாள் கையா? நாத்தனார் என்றால் அது ஆற்றுக்குத் தென்கரை மரு. யோசிக்க யோசிக்கக் கையின் வளையல்தான் ஞாபகம் வருகிறது, முகம் வரவில்லை.

தப்பென்றால் எழுதுங்கள், ஒரு வரி அடித்து மாற்றிவிடலாம் என்று பேராதனைக்காரர் சொல்லியிருக்கிறார். வடகரை மருவுக்குத் தண்டு சிவப்போடும், தென்கரை மருவுக்குப் பச்சை என்று ஒரு நினைவு. அதுவும் சரியா தெரியாது. இங்கே இருப்பது சிவப்பும் இல்லை பச்சையும் இல்லை, பதினாலு வருஷத்தில் கண்டிக்காரியாகிவிட்டது. நீ இரண்டு கரைக்கும் போய் இரண்டையும் முகர்ந்து பார்த்து எழுது. அம்மா போன பிறகு கைமாறிவிட்ட அந்த வீட்டுக் கிணற்றடியில் இப்போது யார் இருக்கிறார்களோ, அவர்களிடம் என் பெயரைச் சொல்லிக் கேள். நாத்தனாரிடம் மட்டும் முதலில் கேட்காதே. கேட்ட உடனே தன்னுடையது என்று சொல்லிவிடுவாள்.

இதோடு ஒரு கொழுந்து வைத்திருக்கிறேன். காய்ந்ததுதான். வேர் இல்லை, மண் இல்லை, சட்டத்துக்குள்தான் இருக்கிறது. வாசனை போயிருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்.